கீறல், ஒடுக்கு, பம்பர்: கையைக் கடிக்காமல் கார் பாடி வேலை

பார்க்கிங்கில் பக்கத்து வண்டியின் கதவு இடிக்கிறது. சந்தில் திரும்பும்போது காம்பவுண்டுச் சுவர் உரசுகிறது. சிக்னலில் நுழைந்து வந்த பைக்கின் ஹேண்டில்பார் பம்பரில் கோடு போட்டுவிட்டுப் போகிறது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் எந்தக் காரும் இவற்றிலிருந்து தப்புவதில்லை. சரிசெய்யப் போனால், அதே கீறலுக்கு ஓர் இடத்தில் சில நூறு ரூபாயும் இன்னோர் இடத்தில் பல ஆயிரமும் சொல்கிறார்கள்.

என்ன வேலை தேவை என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் ஒர்க்‌ஷாப் முடிவு செய்துவிடும். அவர்களுக்கு முழுப் பேனலுக்கும் பெயின்ட் அடிப்பது எளிது, புதுப் பம்பர் மாட்டுவது இன்னும் எளிது. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது: சேதத்தின் ஆழத்தை முதலில் பாருங்கள், அதற்குப் போதுமான மிகச் சிறிய வேலையை மட்டும் செய்யுங்கள். பணம் மிச்சமாவதோடு, கம்பெனியில் சூட்டில் பதப்படுத்தி அடித்த பெயின்ட்டும் வண்டியில் தங்கும். அதே தரத்தில் திரும்ப அடிப்பது எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் கடினம்.

## எது சிறு சேதம் அல்ல?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு, வண்டியை முறையான சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

- கதவு, பானட், டிக்கி ஆகியவற்றில் ஏதாவது சரியாக மூடவில்லை. இரு பேனல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கிறது.
- ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது டயர் எங்கோ உரசுகிறது.
- வண்டிக்கு அடியில் எண்ணெயோ கூலன்ட்டோ சொட்டுகிறது.
- ஏர்பேக் விளக்கு எரிகிறது.
- கதவுத் தூண், ரன்னிங் போர்டுப் பகுதி, கூரை விளிம்பு மடங்கியிருக்கிறது. விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காப்பது இந்த எலும்புக்கூடுதான்.
- மின்சாரக் கார் அல்லது ஹைபிரிட் காரின் அடிப்பகுதி அடிபட்டிருக்கிறது, அல்லது ஆரஞ்சு நிற வயர் வெளியே தெரிகிறது. அந்த வயரைத் தொடவே கூடாது.
- யாருக்காவது காயம். அப்போது முதல் வேலை மருத்துவம், அடுத்தது போலீஸ், அதன் பிறகு இன்சூரன்ஸ்.

## அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

1. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நம்பர் பிளேட் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், சேதத்தை மட்டும் கிட்டத்தில் இரண்டு மூன்று படங்கள் எடுங்கள். இன்சூரன்ஸுக்குப் போகாவிட்டாலும், ஒர்க்‌ஷாப்களிடம் விலை கேட்க இவை உதவும்.
2. வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைத் தண்ணீரும் கார் ஷாம்புவும் விட்டுக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் துகள் புதுக்கீறல் போடும்.
3. இரும்பு வெளியே தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் நன்றாக உலரவைத்து, வேலை செய்யும் நாள் வரை டேப் ஒட்டி மூடுங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் துரு மிக வேகமாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு இந்த அவசரம் இல்லை.
4. இன்சூரன்ஸ் கேட்கும் எண்ணம் இருந்தால், எந்த வேலையும் தொடங்கும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

## ஆழம் பார்ப்பது

கார் பெயின்ட்டில் நான்கு அடுக்குகள் உண்டு. இரும்பை ஒட்டித் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். கையில் ரப்பிங் காம்பவுண்டை எடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மூன்று சோதனைகள் போதும்:

1. தண்ணீர்ச் சோதனை. கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டில் மட்டும் இருக்கிறது.
2. நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெல்ல இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷ் போதும். நகம் மாட்டினால் பாலிஷால் முழுதாகப் போகாது.
3. நிறச் சோதனை. கீறலின் அடியில் என்ன தெரிகிறது? வண்டியின் நிறமே தெரிந்தால் மேலோட்டம். சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர். பளபளப்பான உலோகமோ பழுப்புத் துருவோ தெரிந்தால் இரும்பு வரை போயிருக்கிறது. பம்பரில் கறுப்பு தெரிந்தால் அது பிளாஸ்டிக்.

குறிப்பு: சிவப்பு வண்டி உரசினால் உங்கள் வெள்ளை வண்டியில் சிவப்புக் கோடு விழும். பல நேரங்களில் அது கீறலே அல்ல. அவர்களுடைய பெயின்ட் உங்கள் கிளியர் கோட்டின் மேல் ஒட்டியிருப்பதுதான். தார் நீக்கும் ஸ்பிரேயும் கொஞ்சம் காம்பவுண்டும் அதை எடுத்துவிடும். ஒட்டியதை எடுத்த பிறகே அடியில் உண்மையான கீறல் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.

## வேலை 1: மேல் கீறலை வீட்டிலேயே எடுப்பது

தேவையானவை: கார் ஷாம்பு, ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ், ஃபோம் பேட், சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப்.

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் காம்பவுண்ட் உடனே காய்ந்து கறையாகப் படியும்.
2. கழுவி உலர்த்துங்கள். அருகிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் ஆகியவற்றின் மேல் டேப் ஒட்டுங்கள். அங்கே காம்பவுண்ட் பட்டால் வெள்ளைக்கறை போகாது.
3. முதலில் கண்ணில் படாத மூலையில் ஓர் அங்குலத்துக்குத் தேய்த்துப் பார்த்துத் திருப்தியானால் மட்டும் தொடருங்கள்.
4. பட்டாணி அளவு காம்பவுண்டை ஃபோம் பேடில் எடுத்து, கீறலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு, மிதமான அழுத்தத்தில் நேர்க்கோடாக முன்னும் பின்னும் தேயுங்கள்.
5. சில முறை தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். கீறல் மங்குகிறது என்றால் இன்னொரு முறை. மூன்று சுற்றுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அது ஆழமான கீறல்.
6. பிறகு பாலிஷ் போட்டு மினுக்கத்தை வரவழையுங்கள். கடைசியாக வாக்ஸ்.

தவறுகள்:

- பேனலின் ஓரத்திலும் மடிப்புக் கோட்டிலும் அழுத்தித் தேய்ப்பது. அங்கே பெயின்ட் மெல்லிதாக இருக்கும். சீக்கிரம் நிறம் போய்விடும்.
- பற்பசையால் தேய்ப்பது. அது கீறலை எடுக்காது. சுற்றிலும் புகைமூட்டம் போன்ற மங்கலை உண்டாக்கும்.
- தின்னர், பெட்ரோல் ஊற்றித் துடைப்பது. பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் கெடும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.
- மினுக்கமில்லாத மேட் பெயின்ட் வண்டிக்குப் பாலிஷ் போடுவது. அந்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும். மேட் வண்டிக்கு இந்த முறை கூடாது.

## வேலை 2: ஆழமான சிறு கீறலுக்கு டச்-அப்

கல் தெறித்த புள்ளி, சாவியால் போட்ட மெல்லிய கோடு போன்றவற்றுக்கு டச்-அப் பேனா போதும். கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது இதன் நோக்கமல்ல. துருவைத் தடுப்பதும், இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாதபடி செய்வதுமே நோக்கம். அந்த எதிர்பார்ப்போடு செய்தால் திருப்தியாக இருக்கும்.

வாங்கும் முன் வண்டியின் பெயின்ட் கோடைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ இருக்கும். கிடைக்காவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். வெள்ளை என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள் உண்டு.

1. இடத்தைக் கழுவி உலர்த்தி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பழைய வாக்ஸை எடுங்கள். வாக்ஸ் மேல் பெயின்ட் ஒட்டாது.
2. துரு இருந்தால் வாட்டர் பேப்பரைச் சிறு துண்டாக மடித்து, துருப் புள்ளியை மட்டும் சுரண்டி எடுங்கள். துருவை மூடிப் பெயின்ட் வைத்தால் சில மாதத்தில் கொப்புளமாக எழும்பும்.
3. இரும்பு தெரிந்தால் முதலில் பிரைமர். மெல்லிய தூரிகை நுனியால் கீறலுக்குள் மட்டும் வைத்துக் காயவிடுங்கள்.
4. நிறத்தை மெல்லிய அடுக்குகளாக வையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும்.
5. நிறம் முழுதாகக் காய்ந்த மறுநாள் கிளியர் கோட் வையுங்கள்.
6. குறைந்தது ஒரு வாரம் கழித்து மெல்லப் பாலிஷ் செய்து மேடு தெரியாமல் சமப்படுத்துங்கள்.

குறிப்பு: மழைநாளில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் பெயின்ட் பால் போல வெளுத்துக் காயும்.

## வேலை 3: நசுங்கிய பிளாஸ்டிக் பம்பர்

இன்றைய கார்களின் பம்பர் உறை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். சூடேறினால் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. விரிசல் இல்லாமல் உள்வாங்கிய பம்பர் என்றால் முதலில் இதை முயலுங்கள்.

1. எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். தடித்த ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் போடுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
2. நசுங்கலின் பின்புறத்தைக் கை எட்டுமா பாருங்கள். சக்கரத்தைத் திருப்பி, வீல் ஆர்ச்சிலுள்ள உள்மூடியின் கிளிப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் எட்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்.
3. கொதித்து இறக்கிய தண்ணீரை நசுங்கிய இடத்தின் மேல் நிதானமாக ஊற்றுங்கள். சென்சார், விளக்கு இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.
4. உடனே பின்னாலிருந்து உள்ளங்கையால், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தள்ளுங்கள்.
5. வடிவம் வந்ததும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். வராவிட்டால் இன்னொரு முறை.

நெருப்பு, அடுப்பு லைட்டர், மிக அருகில் பிடித்த ஹீட் கன் ஆகியவை பெயின்ட்டைக் கருக்கிப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். இந்த முறை பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான். இரும்புக் கதவில் வெந்நீர் ஊற்றிப் பயனில்லை.

பம்பரில் விரிசல் என்றாலும் புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். உள்பக்கத்தில் வலை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கட்டாயம். அதை விட்டால் பெயின்ட் ஏடு ஏடாக உரியும். பம்பரை மாட்டும் காதுகளும் பிராக்கெட்டும் பல இடங்களில் உடைந்திருந்தால் மட்டும் மாற்றுவது நல்லது.

பாதுகாப்பு: பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டியானால், அந்த இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டியோ தடித்த பெயின்ட்டோ கூடாது, ரேடாரின் பார்வை கெடும். பார்க்கிங் சென்சார்களின் முகத்திலும் அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏற்ற வேண்டாம்.

## வேலை 4: இரும்புப் பேனலில் ஒடுக்கு

முதல் கேள்வி: பெயின்ட் உடைந்திருக்கிறதா?

உடையவில்லை என்றால் பெயின்ட் அடிக்காமலே ஒடுக்கு எடுக்கும் பி.டி.ஆர். முறையைத் தேடுங்கள். பேனலின் பின்னாலிருந்து கம்பிக் கருவிகளால் இம்மி இம்மியாகத் தள்ளி உலோகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். பின்புறம் எட்டாத இடத்தில் பசையால் ஒட்டி வெளியே இழுப்பார்கள். பட்டி இல்லை, பெயின்ட் இல்லை, நிறம் ஒத்துப்போகுமா என்ற கவலையும் இல்லை. கதவு இடித்த சிறு ஒடுக்கு, பந்து பட்ட பள்ளம் ஆகியவற்றுக்கு இதுவே சிறந்தது. கூரான மடிப்பு விழுந்த இடத்துக்கும், பேனலின் விளிம்புக்கும், முன்பே பட்டி போட்ட இடத்துக்கும் இது சரிவராது.

உடைந்திருந்தால் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்ற பழைய வழிதான்.

வீட்டில் முயல விரும்பினால் உறிஞ்சு கப் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அகலமான, ஆழமில்லாத ஒடுக்கு சில சமயம் டப்பென்று வெளியே வந்துவிடும். பேனலை ஈரமாக்கி, கப்பை ஒட்டி, நேராக இழுங்கள். உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவது மட்டும் வேண்டாம். தகடு நீண்டுவிட்டால் அழுத்தும்போதெல்லாம் டின் மூடி போல உள்ளே வெளியே போகும். பிறகு தேர்ந்த டிங்கருக்கும் அது தலைவலி.

## ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும்போது

நல்ல டிங்கரும் நல்ல பெயின்ட்டரும் கையில் வித்தை உள்ளவர்கள். அவர்கள் வேலையை மதித்துக் கேட்டால் விவரமாகவே சொல்வார்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. "அண்ணே, இதை இழுத்து எடுக்க முடியுமா, இல்ல பட்டியிலேயே நிரப்புவீங்களா?" தகட்டை முடிந்தவரை இழுத்துச் சமப்படுத்திய பிறகு, சிறு மேடுபள்ளத்துக்கு மட்டுமே பட்டி. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் பின்னாளில் வெடிக்கும்.
2. "என்ன பெயின்ட்?" ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயின்ட் கேளுங்கள். என்.சி. பெயின்ட் விலை குறைவு. ஆனால் சீக்கிரம் மங்கும், பெட்ரோல் பட்டால் கரையும்.
3. "பூத்தில் அடிப்பீங்களா, வெளியிலா?" திறந்த வெளியில் அடித்தால் தூசி ஒட்டும். பூத்தில் அடித்துச் சூட்டில் உலர்த்துவது நல்லது.
4. "கலர் எப்படிக் கலப்பீங்க?" பெயின்ட் கோடின்படி கலந்து, அட்டையில் ஒரு மாதிரி அடித்து, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் வெளுத்த பழைய வண்டிக்குக் கோடு மட்டும் போதாது. சில்வர், பேர்ல் நிறங்களுக்குப் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் படரவிட்டு அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. அதற்கான கூலி எஸ்டிமேட்டில் இருக்கிறதா கேளுங்கள்.
5. "வெல்டிங் உண்டா?" உண்டென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்த இடத்தின் உள்பக்கத்துக்குத் துருத்தடுப்பு அடிக்கச் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டைப் படிப்பது: ஒரே தொகையாக வாங்காதீர்கள். பேனல் வாரியாக டிங்கரிங் கூலி, பெயின்ட், பாகம், கழற்றி மாட்டும் கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எனப் பிரித்து எழுதி வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர், பெரிய தனியார் ஒர்க்‌ஷாப், உங்கள் பகுதி டிங்கர் என மூன்று இடங்களில் அதே படங்களைக் காட்டி விலை கேட்டால், எந்த வரியில் பணம் கூடுகிறது என்று தெரிந்துவிடும். "மாற்ற வேண்டும்" என்று எழுதிய ஒவ்வொரு பாகத்துக்கும் "சரிசெய்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

வேலை நடக்கும்போது ஒரு முறை போய்ப் பாருங்கள். சரியான நேரம், தகட்டை இழுத்து முடித்துப் பட்டி போடும் முன். பெயின்ட் அடித்துவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

பழைய பாகம் வாங்குவது: சென்னையில் புதுப்பேட்டை பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போனது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுப் பாகங்களும் அலங்காரப் பொருள்களும் கிடைக்கும். உங்கள் வண்டி நிறத்திலேயே பழைய பம்பர் கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம். உங்கள் மாடலின் அதே ஆண்டு, அதே வேரியன்ட்தானா, ஃபாக் விளக்குத் துளையும் சென்சார் துளையும் பொருந்துகின்றனவா, காதுகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத பாகம் திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கலாம். ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் பாகங்களைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள்.

## இன்சூரன்ஸா, சொந்தக் காசா?

காசு கட்டிய பாலிசிதானே என்று சின்னக் கீறலுக்கும் கிளெய்ம் போடுபவர்கள் பலர். அது நஷ்டமாக முடியலாம். நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

- நோ கிளெய்ம் போனஸ்: கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் முறையே 20, 25, 35, 45, 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டால், தொகை எவ்வளவு சிறியதானாலும், அடுத்த புதுப்பிப்பில் இது பூஜ்யமாகிவிடும்.
- கட்டாயக் கழிவு: 1500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பொறுப்பு.
- தேய்மானம்: சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழியும். பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்.
- ஆட்-ஆன்கள்: ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் தேய்மானக் கழிவு இல்லை, ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பு இருக்கிறதா பாருங்கள். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கணக்கே மாறிவிடும்.

### ஒரு மாதிரிக் கணக்கு

1500 சி.சி.க்கு உட்பட்ட கார். சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய், இப்போதைய போனஸ் 35 சதவீதம், ஆட்-ஆன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

பம்பரை மாற்ற: பாகம் 8,000, பெயின்ட் 4,000, கூலி 1,000, வரி நீங்கலாக மொத்தம் 13,000.

1. பம்பரில் தேய்மானம் 4,000 கழியும்.
2. பெயின்ட்டில் 500 கழியும்.
3. கட்டாயக் கழிவு 1,000.
4. இன்சூரன்ஸ் தருவது 7,500.

இனி இழப்பு. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், பிறகு எப்போதும் 50. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று மீண்டும் ஏறி வர வேண்டும். ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 4,500 + 3,000 + 2,500 + 1,500 + 500 = 12,000 ரூபாய். வண்டிக்கு வயதாகும்போது பிரீமியம் இறங்குவதால் இது சற்றுக் குறையலாம். ஆனாலும் 7,500 வாங்க ஏறக்குறைய 12,000 போகிறது. இங்கே சொந்தக் காசே லாபம். அதிலும் பம்பரை மாற்றாமல் வெல்டிங் வைத்துச் சரிசெய்தால் இன்னும் லாபம்.

உங்கள் பாலிசித் தாளில் உள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். போனஸ் ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பவருக்கும், அதே பாலிசி ஆண்டில் முன்பே ஒரு கிளெய்ம் போட்டவருக்கும் இழப்பு குறைவு. அவர்கள் கிளெய்ம் போடுவது சரியாக இருக்கலாம்.

எச்சரிக்கை: வெவ்வேறு நாள்களில் பட்ட கீறல்களை ஒரே விபத்து என்று எழுதிக்கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. அது மோசடி. தெரியவந்தால் கிளெய்ம் முழுவதும் போகும். பெரிய விபத்து நேரும் நாளில் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளெய்ம், தனிக் கழிவு.

சிக்கன வழி: துருப்பிடிக்காத சிறு சேதங்களைச் சேர்த்துவைத்து, சொந்தச் செலவில் இரண்டு மூன்று பேனல்களை ஒரே தடவையில் கொடுங்கள். நிறம் கலப்பது, மூடி ஒட்டுவது, பூத் வாடகை எல்லாம் ஒரு முறைதான்; விலை பேசவும் இடமிருக்கும். இரும்பு தெரியும் கீறலை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள்.

## வீட்டில் ஸ்பிரே அடிக்கலாமா?

ஹார்டனர் கலந்த பெயின்ட்டிலும் கிளியர் கோட்டிலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். என்-95 முகக்கவசம் பட்டி தேய்க்கும் தூசியைத் தடுக்கும். இந்த ஆவியைத் தடுக்காது. ஹார்டனர் உள்ளேயே அடைத்து வரும் ஸ்பிரே டப்பாக்களுக்கும் இது பொருந்தும். வீட்டு வாசலிலோ அடுக்குமாடி பார்க்கிங்கிலோ இவற்றை அடிக்க வேண்டாம். தூரிகையால் வைக்கும் டச்-அப்போடு வீட்டு வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள். தின்னரில் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல், விரித்துக் காற்றில் உலர்த்திப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

## வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

மாலை நேரத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டி எடுக்காதீர்கள். பகலில் போய் இவற்றைப் பாருங்கள்:

1. நேராகவும் பக்கவாட்டிலும் நின்று நிறம் ஒத்திருக்கிறதா பாருங்கள்.
2. பேனலில் தெரியும் கட்டட விளிம்பின் பிம்பம் நெளிகிறதா? நெளிந்தால் தகடு சமமில்லை.
3. துணி சுற்றிய சிறு காந்தத்தைப் பேனலில் வைத்து நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.
4. ரப்பர் பீடிங், கைப்பிடி, விளக்கு ஆகியவற்றின் ஓரத்தில் பெயின்ட் சிதறல் இருக்கிறதா பாருங்கள்.
5. கதவு, பானட், விளக்கு, ஹாரன், சென்சார், கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

அதன் பிறகு ஒரு மாதம் வாக்ஸ், பாலிஷ், தானியங்கிப் பிரஷ் வாஷ் வேண்டாம். புதுப் பெயின்ட் உள்ளே முழுவதும் இறுக நாளாகும். பறவை எச்சமும் மரப்பாலும் விழுந்தால் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பில், பெயின்ட் கோடு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வேலைக்குக் கொடுத்த உத்தரவாதத்தைக் கேட்கவும், அடுத்த கீறலுக்கு அதே நிறத்தைக் கலக்கவும், பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி நியாயமான விலை பேசவும் அந்த உறை போதும்.